ஓடி விழுந்த காயம் பழுத்துவிட்டால்: கழுவுவதிலிருந்து மறுபடி ஓடுவது வரை

ஓடும்போது தடுக்கி விழுந்து முழங்காலோ உள்ளங்கையோ சிராய்த்துக்கொள்வது சாதாரணம். பெரும்பாலான சிராய்ப்புகள் தானாகவே ஆறிவிடும். சில மட்டும் இரண்டு மூன்று நாள் கழித்து வீங்கி, விண்விண் என்று தெறித்து, சீழ் கோக்க ஆரம்பிக்கும். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக ஓட வருகிறவர்கள் இந்த நிலையில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். செய்கிற வேலைகளில் சில தவறு, வரிசையும் தவறு. முதலில் ஏதாவது களிம்பு, அப்புறம் வீட்டில் மிச்சமிருந்த மாத்திரை, அப்புறம் வலி குறைந்ததும் ஒரு சின்ன ஓட்டம், கடைசியில் மருத்துவர். ஓடுகிறவர்கள் வலியைப் பொறுத்துப் பழகியவர்கள் என்பதால் எல்லாவற்றையும் வலியை வைத்தே முடிவு செய்கிறார்கள். தொற்றில் அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். மாத்திரை போட்டாலும் வலி குறையும், சீழ் உடைந்து வெளியே வந்தாலும் குறையும். தொற்று உள்ளே பரவிக்கொண்டே இருக்கலாம். பார்க்க வேண்டியது பரவலை.

இரண்டு வகைக் காயங்கள் இதில் சேரா. நாய் கடித்திருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். ஆணியோ முள்ளோ ஷூவின் அடியைத் துளைத்து ஏறியிருந்தாலும் அது தனிக்கதை. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். ஷூவின் ஈரமான அடுக்குகளில் வாழும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அந்த வழியாக எலும்புவரை போகக்கூடும். சிராய்ப்புக்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகள் அதற்குக் கேட்காது. துளைத்தது ஷூ வழியாக என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

1. உடனே போக வேண்டியதா என்று முதலில் பாருங்கள்

கட்டுப் போடுவதற்கும் கழுவுவதற்கும் முன்னால் இதைப் பார்க்க வேண்டும். கீழே சொல்லும் எதுவாவது இருந்தால் மற்ற எல்லாப் படிகளையும் விட்டுவிட்டு, இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

- குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, பேச்சில் குழப்பம், சிறுநீர் வெகுவாகக் குறைந்துபோதல். தொற்று உடம்பு முழுவதையும் பிடித்துவிட்டது என்று பொருள்.
- காயத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலி, சில மணி நேரத்திலேயே பரவும் வீக்கம், தோல் ஊதா அல்லது கருப்பாக மாறுவது, கொப்புளம், தொட்டால் உணர்ச்சியே இல்லாமல் போவது, அழுத்தினால் உள்ளே நறநறவென்று காற்று நகர்வது போன்ற உணர்வு. தசையை மூடியிருக்கும் உறையை அரிக்கும் அரிதான தொற்று இப்படித்தான் தொடங்கும். இதில் மணிக்கணக்கும் முக்கியம்.
- முழங்கால் முழுவதும் வீங்கி, சற்று மடக்கினாலே உயிர் போவது போன்ற வலி. தொற்று மூட்டுக்குள் இறங்கியிருக்கலாம்.
- காயத்திலிருந்து மேல்நோக்கிக் கோடு போலச் சிவப்பு ஏறுவது.

நாலாவதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அந்தக் கோடு அவ்வளவாக வலிக்காது. நிணநீர் நாளங்கள் வழியாகத் தொற்று ஏறுவதைக் காட்டும் அடையாளம் அது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருப்பதும் கூடவே இருக்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள், கால்களில் ரத்த ஓட்டம் குறைவாக உள்ளவர்கள் மேற்சொன்ன அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே கூடாது. லேசான தொற்று என்று தோன்றினாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். உள்ளங்கையில் ஏற்பட்ட காயம் பழுத்து விரல்களை நீட்டவோ மடக்கவோ வலித்தாலும் அப்படியே. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணின் உறைக்குள் சீழ் சேர்ந்தால் விரலின் அசைவே போய்விடக்கூடும்.

2. ஆறுகிற காயமா, பழுக்கிற காயமா

விழுந்த முதல் இரண்டு நாட்களில் ஓரங்களில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் சூடு எல்லாம் இருக்கும். காயத்தை ஆற்ற ரத்த ஓட்டம் கூடுவதால் வருவது அது. தெளிவான, லேசான மஞ்சள் நிறத்தில் நீர் கசிவதும் இயல்பு.

குழப்பம் வருவது இன்னொரு மஞ்சளில். ஈரமாக வைத்திருக்கும் சிராய்ப்பின் மேல் வெளிர்மஞ்சளாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஃபைப்ரின் என்ற புரதம். துடைத்தால் எளிதில் வராது, நாற்றம் இருக்காது, சுற்றியுள்ள தோல் அமைதியாக இருக்கும். அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டி எடுத்து, ஆறிக்கொண்டிருந்த காயத்தைப் புதிதாக்கிக்கொள்பவர்கள் நிறைய. சீழ் கெட்டியாக, கலங்கலாக இருக்கும், அழுத்தாமலே வழியும், பெரும்பாலும் வாடை அடிக்கும்.

எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம். ஆறுகிற காயத்தில் மூன்றாம் நாள் வலி இரண்டாம் நாளைவிடக் குறைவாக இருக்கும். பழுக்கிற காயத்தில் முதலில் குறைந்த வலி திரும்பி வரும், அதுவும் ஓய்வில் படுத்திருக்கும்போது தெறிக்கும். சிவப்பு ஓரத்தைத் தாண்டி விரியும்.

நம்மில் பலருக்கும் தோல் மாநிறமோ கருப்போ என்பதால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சிவப்பு என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பது வெளுத்த தோலைப் பார்த்து எழுதியது. கருமையான தோலில் தொற்று சிவப்பாகத் தெரியாமல், சுற்றுப்புறத்தைவிடக் கருத்தோ ஊதா கலந்தோ, இழுத்துப் பிடித்தது போல் பளபளப்பாகவோ தெரியும். எனவே கண்ணை மட்டும் நம்பாதீர்கள். புறங்கையை ஒரு முழங்காலிலும் அப்புறம் மற்றதிலும் வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். விரலால் ஓரங்களை மெதுவாக அழுத்தி, தோல் எங்கே கெட்டியாகத் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்தக் கெட்டித்தன்மையின் எல்லைதான் தொற்றின் எல்லை.

காய்ந்த பொருக்கு கட்டியிருப்பதை வைத்து ஆறிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவரின் முழங்காலில் காசு அளவுக்கு அழகான கருப்புப் பொருக்கு. மேலே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் பொருக்கை விரலால் தொட்டதும் அது தண்ணீரில் மிதப்பது போல அசைந்தது. ஓரத்தில் மெல்லிய பால்நிறக் கோடு. மருத்துவமனையில் அதை ஊறவைத்துத் தூக்கியபோது கீழே முழுக்கச் சீழ், நடுவில் இரண்டு மணல் துகள்கள். அசையும் பொருக்கு, சுற்றிலும் வலிக்கும் பொருக்கு இரண்டுமே கீழே சீழ் இருக்கிறது என்பதற்கான அடையாளங்கள்.

3. எல்லையைக் கோடு போட்டு வையுங்கள்

தொற்று என்று சந்தேகம் வந்த உடனே ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, சிவப்பு அல்லது கெட்டித்தன்மை முடியும் இடத்தைச் சுற்றித் தோலில் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுங்கள். அதே வெளிச்சத்தில், அதே தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

காலையும் மாலையும் பார்த்துவிட்டு "கொஞ்சம் பரவியிருக்கிற மாதிரி இருக்கிறது" என்று சொல்வதற்கும், "நேற்று இரவு எட்டு மணிக் கோட்டை இரண்டு விரற்கடை தாண்டியிருக்கிறது" என்று சொல்வதற்கும் மருத்துவரின் முடிவில் பெரிய வித்தியாசம் இருக்கும். மாத்திரை வேலை செய்கிறதா என்று பிறகு பார்ப்பதற்கும் இந்தக் கோடுதான் வேண்டும். குளிக்கும்போது அழிந்தால் அதே இடத்தில் மறுபடி போடுங்கள். புது எல்லையில் போட்டுவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

காய்ச்சலையும் எழுதி வையுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணும் பழக்கம் ஓடுகிறவர்களில் பலருக்கு உண்டு. தொற்று உள்ளே இருக்கும்போது அது வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். இந்தக் குறிப்பு கடைசிப் படியில் பயன்படும்.

4. தேவையானவை

கழுவத் தொடங்கிய பிறகு பொருள் தேட எழுந்தால் கை மறுபடி அழுக்காகிவிடும். முன்னதாகவே எடுத்து வையுங்கள்: குடிக்கத் தகுந்த சுத்தமான ஓடும் தண்ணீர் அல்லது நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்), மிதமான சோப்பு, நுனி மெலிந்த இடுக்கி, அதைத் துடைக்க ஸ்பிரிட், காயத்தில் ஒட்டாத டிரெஸ்ஸிங், அதன்மேல் வைக்கக் காஸ் துணி, மைக்ரோபோர் டேப், புதிதாகப் பிரித்த பெட்ரோலியம் ஜெல்லி, தெர்மாமீட்டர். ஸ்பிரிட் இடுக்கிக்கு மட்டும்தான்.

பஞ்சு வேண்டாம். அதன் இழை காயத்தில் ஒட்டிக்கொண்டு, நாம் வெளியே எடுக்க நினைத்த அழுக்கைப் போலவே உள்ளே தங்கிவிடும்.

5. கழுவுங்கள், ஆனால் சுரண்டாதீர்கள்

கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பழைய கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் காட்டி ஐந்து நிமிடம் ஊறவிட்டால் தானாகக் கழன்றுவரும். ஒரே மூச்சில் பிய்த்தால் வலி சீக்கிரம் முடிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் முந்தைய நாள் வளர்ந்த புதுத் தோலும் அந்தக் காஸோடு போய்விடும்.

வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரைக் காயத்தின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சோப்பு சுற்றியுள்ள தோலுக்கு. காயத்தின் மேல் லேசாகப் பட்டால் பரவாயில்லை, நுரைக்கத் தேய்க்க வேண்டாம். கிருமியைக் கொல்வதைவிட வெளியே அடித்துக்கொண்டு போவதுதான் இங்கே வேலை. அதனால்தான் தண்ணீரின் ஓட்டமும் நேரமும் மருந்தைவிட முக்கியம்.

மேலாகத் தெரியும் மணல், கல்லை இடுக்கியால் எடுங்கள். ஆழத்தில் இருப்பதைத் தோண்டாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு மருத்துவமனையில் எடுப்பார்கள். தார்த்துகளும் மண்ணும் உள்ளேயே விட்டுவிட்டால் தொற்று திரும்பத் திரும்ப வருவதோடு, தோல் மூடிய பிறகு பச்சை குத்தியது போல நிரந்தரக் கறையும் நிற்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் திறந்த காயத்துக்கு வேண்டாம். பொங்கி நுரைப்பதைப் பார்த்தால் வேலை செய்வது போலத் தோன்றும். கிருமியோடு சேர்த்து, காயத்தை மூட வரும் செல்களையும் அவை கொல்கின்றன. போவிடோன் அயோடினும் தினமும் ஊற்ற வேண்டியதில்லை. மருத்துவர் சொன்னால், சொன்ன நாட்களுக்கு மட்டும். எந்தப் பொடியையும் தூவாதீர்கள், ஆன்டிபயாடிக் பொடி உட்பட. சீழோடு சேர்ந்து கட்டியாகி, அடியில் நடப்பதை மறைத்துவிடும்.

சீழை அமுக்கி எடுப்பதும் கூடாது. அழுத்தினால் வெளியே வருவது கொஞ்சம், பக்கத்துத் திசுவுக்குள் போவது அதிகம். சீழ் ஓரிடத்தில் கட்டியாகச் சேர்ந்துவிட்டால் மருத்துவர் கீறி எடுப்பதுதான் சிகிச்சை. சீழ்க்கட்டிக்குள் மாத்திரை மருந்து போதிய அளவு போய்ச் சேராது.

6. மருத்துவரிடம் போகும்போது

சிவப்பு விரிகிறது, சீழ் வருகிறது, காய்ச்சல் இருக்கிறது, 48 மணி நேரத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை: இவற்றில் ஒன்று போதும், போய்விடுங்கள். போவதற்கு முன் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்காதீர்கள். இந்தக் கிருமிக்கு அது சரியானதாக இல்லாமல் போகலாம், அளவும் நாளும் போதாது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும்போது எந்தக் கிருமி என்று தெரியாமல் போய்விடும்.

இவற்றைச் சொல்லுங்கள்: எப்போது விழுந்தீர்கள், எந்தத் தரையில் (தார், மண், சாக்கடை ஓரம், குளத்து நீர்), எப்போது பழுக்கத் தொடங்கியது, கோட்டுக் கணக்கு, காய்ச்சல் குறிப்பு, எந்த மருந்துக்கு அலர்ஜி, தினமும் எடுக்கும் மாத்திரைகள், கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா. நன்னீரிலோ கடல்நீரிலோ காயம் நனைந்திருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள். அங்கே வாழும் கிருமிகள் வேறு, அவற்றுக்கான மருந்தும் வேறு.

டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதும் வேண்டும். மூன்று தவணையும் முறையாகப் போட்டவர்களுக்கு, மண்ணோ சாணியோ பட்ட அழுக்குக் காயமென்றால் கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் ஒன்று தேவை. சுத்தமான சிறு காயமென்றால் 10 வருடம். தவணைகள் முடியாதவர்கள் அல்லது நினைவே இல்லாதவர்களுக்கு ஊசியோடு, அழுக்குக் காயத்தில் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்துத் தருவார்கள். காயம்பட்டு நாலைந்து நாளாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். டெட்டனஸ் வெளிப்பட மூன்று நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். தாமதமாகப் போட்டாலும் போடுவதுதான் சரி.

தோல் தொற்றில் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இரண்டு வகைக் கிருமிகள்தான் காரணம். மருத்துவர் தரும் மருந்து பொதுவாக அவற்றைக் குறிவைத்து 5 முதல் 7 நாள் இருக்கும். அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் ஓடுகிறவன், இந்த மருந்து தசைநாணைப் பாதிக்குமா?" சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுவினோலோன் வகை மருந்துகள் அரிதாகத் தசைநாணில், அதுவும் குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணில், வீக்கத்தையோ கிழிசலையோ உண்டாக்கக்கூடும். மருந்து முடிந்து சில மாதம் கழித்தும் வரலாம். வேறு மருந்து உதவாது என்று மருத்துவர் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் குதிகால் பக்கம் வலி தொடங்கினால் அடுத்த மாத்திரைக்கு முன்பே அவரைக் கூப்பிடுங்கள், ஓட்டம் முற்றிலும் நிற்கட்டும். டாக்ஸிசைக்ளின் தந்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோலும் சீக்கிரம் கருகும்.

7. மாத்திரை தொடங்கிய முதல் மூன்று நாள்

முதல் நாள் சிவப்பு கோட்டைச் சற்றுத் தாண்டினால் பதற வேண்டாம். கிருமிகள் சாகும்போது வீக்கம் சிறிது கூடுவது உண்டு. காய்ச்சல் இறங்குகிறதா, உடம்பு தெளிகிறதா என்று பாருங்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி குறைந்து, சிவப்பு நின்று, கோட்டுக்குள் வாங்கத் தொடங்க வேண்டும். அப்படி நடக்காவிட்டால் அதே மாத்திரையைத் தொடர்ந்துகொண்டு காத்திருக்காமல் திரும்பிப் போங்கள். மருந்து பொருந்தாமல் இருக்கலாம், உள்ளே சீழ்க்கட்டி இருக்கலாம், கல் தங்கியிருக்கலாம், முழங்கால் சிப்பிக்கு முன்னால் இருக்கும் சிறு திரவப்பை தொற்றியிருக்கலாம். முழங்காலை நேரே தரையில் அடித்துக்கொண்டு விழுந்தவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது நடப்பதுண்டு: மூட்டு நன்றாக மடங்கும், ஆனால் சிப்பியின் மேல் மட்டும் முட்டை போல வீங்கிச் சூடாக இருக்கும். அதற்கு மருந்து கூடுதல் நாள் வேண்டியிருக்கும், சில நேரம் ஊசியால் நீரை உறிஞ்சி எடுப்பார்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, வேளைகளுக்கு இடையே 4 முதல் 6 மணி நேரம், ஒரு நாளில் எந்தக் காரணத்துக்கும் 4 கிராமுக்கு மேல் கூடாது. கல்லீரல் பிரச்சினை இருந்தால், எடை குறைவாக இருந்தால், அளவை மருத்துவரிடம் கேளுங்கள். சளிக்கு எடுக்கும் மாத்திரைகளிலும் இது கலந்திருக்கும், கணக்கில் சேருங்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வீக்க மருந்தை மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். மோசமாகும் தொற்றின் வலியையும் வீக்கத்தையும் மறைத்துவிடும்.

மூன்றாம் நாள் நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவது இங்கே அடிக்கடி பார்க்கிற தவறு. சொன்ன நாள்வரை எடுங்கள். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

8. தினமும் கட்டு மாற்றும் முறை

ஒரு நாளைக்கு ஒருமுறை, நனைந்தாலோ கசிந்து வெளியே தெரிந்தாலோ உடனே. கழுவி, சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றித் துடைத்து, காயத்தின் மேல் மெல்லிய படலமாகப் பெட்ரோலியம் ஜெல்லி, அதன்மேல் ஒட்டாத டிரெஸ்ஸிங், அப்புறம் காஸ், டேப். சீழ் வடிந்துகொண்டிருக்கும் நாட்களில் ஜெல்லி வேண்டாம், வெறும் டிரெஸ்ஸிங் போதும், சீழுக்கு வெளியேற வழி இருக்க வேண்டும். கீறிய குழிக்குள் திரி வைத்திருந்தால் அதை எப்போது, யார் மாற்றுவது என்று கேட்டுக்கொண்டு அதன்படியே செய்யுங்கள்.

"காற்றாட விட்டால் சீக்கிரம் காயும்" என்று எல்லோரும் சொல்வார்கள். காயும், ஆனால் ஆறுவது தாமதமாகும். புதுத் தோல் ஓரத்திலிருந்து ஊர்ந்து வருவது ஈரமான பரப்பில் எளிது. காய்ந்த பொருக்கு இருந்தால் அது அடியில் வழி தோண்டிக்கொண்டு போக வேண்டும். அதோடு, முழங்காலில் காய்ந்த பொருக்கு ஒவ்வொரு மடக்கலிலும் வெடித்துக் கிருமிக்கு வாசல் திறக்கும்.

ஈரம் அதிகமானாலும் தெரியும். ஓரத்தோல் வெள்ளையாக ஊறிச் சுருங்கினால் கட்டு அதிகம் நனைகிறது, இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். டேப் ஒட்டிய சதுரத்தில் மட்டும் அரிப்பும் சிறு கொப்புளங்களும் வந்தால் அது பசைக்கான அலர்ஜி. களிம்பு பட்ட இடமெல்லாம் அரித்தால் களிம்புதான் காரணம். நியோமைசின் கலந்த களிம்புகளுக்கு இது அடிக்கடி நடக்கும். இரண்டையும் தொற்று என்று நினைத்து இன்னும் கொஞ்சம் களிம்பு தடவுவார்கள், அரிப்பு இன்னும் பரவும்.

முழங்காலில் கட்டை, காலைச் சற்று மடக்கிய நிலையில் போடுங்கள். நீட்டிய காலில் போட்ட கட்டு முதல் படிக்கட்டிலேயே உரிந்துவிடும்.

9. ஓய்வு எவ்வளவு, எப்படி

வீங்கிய காலை இதயத்தின் உயரத்துக்கு மேல் தூக்கி வைத்துப் படுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் வைப்பது போதாது, இடுப்புக்கும் கீழேதான் கால் இருக்கிறது. வீக்கம் வடிந்தால்தான் ரத்தமும் மருந்தும் அந்த இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். மணிக்கு ஒருமுறை கணுக்காலை முன்னும் பின்னும் பத்து இருபது தடவை அசையுங்கள். காயம் இல்லாத இடத்தில், கெண்டைக்கால் மட்டும் தனியாக வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

மசாஜ், ஃபோம் ரோலர், இறுக்கமான கம்ப்ரஷன் சாக்ஸ் மூன்றும் தொற்று அடங்கும்வரை கூடாது. காயம் மூடும்வரை நீச்சலும் கூடாது.

காய்ச்சல் இருக்கும்போது எந்த உடற்பயிற்சியும் வேண்டாம், "லேசாக ஒரு சைக்கிள்" கூட வேண்டாம். உடம்பு முழுவதும் தொற்றோடு போராடும்போது இதயத்தை உழைக்க வைத்தால் இதயத் தசையே வீங்கும் ஆபத்து இருக்கிறது. காய்ச்சல் இல்லாமல், தொற்று சிறியதாக இருந்தால் வீட்டுக்குள் நடப்பதில் தவறில்லை.

பயிற்சி வீணாகிறதே என்ற பதற்றம்தான் பலரைச் சீக்கிரம் எழுப்பிவிடுகிறது. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, அதனால் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ஒரு வாரம், பத்து நாள் ஓடாததால் மூச்சுத்திறன் குறைவது மிகச் சிறிது. மறுதொற்று வந்தால் போகப்போவது மாதக்கணக்கு. வழக்கமான சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ஓடவில்லை என்று உணவைச் சுருக்குவது புதுத் திசு வளரத் தேவையான புரதத்தையும் சேர்த்துக் குறைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தொற்றின்போது சர்க்கரை ஏறும், அடிக்கடி பாருங்கள். புகை பிடிப்பவர்களுக்குக் காயம் ஆறுவது கண்கூடாகத் தாமதமாகும்.

10. மறுபடி ஓடத் தொடங்குவது

கீழே உள்ள எல்லாமே ஆம் என்றால்தான் தொடங்கலாம்.

- மாத்திரைகள் முழுவதும் முடிந்துவிட்டன, மாத்திரை உதவியில்லாமலே காய்ச்சல் இல்லை.
- இரண்டு முழங்காலிலும் ஒரே சூடு, கெட்டித்தன்மை இல்லை.
- இரவு முழுவதும் இருந்த கட்டு காலையில் உலர்ந்திருக்கிறது, காயம் முழுவதும் புதுத் தோலால் மூடியிருக்கிறது.
- மற்றக் கால் மடங்கும் அளவுக்கு இதுவும் மடங்குகிறது.
- காலை நாடித்துடிப்பு பழைய எண்ணுக்குத் திரும்பிவிட்டது.

முதலில் அரை மணி நேரம் வேகநடை. அன்று மாலையும் மறுநாள் காலையும் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடோ தெறிப்போ இல்லையென்றால் மறுநாள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்துச் சுற்று. அதற்கு அடுத்த நாள் ஓய்வு. இதே போல இன்னொரு முறை செய்த பிறகுதான் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்குக் காரணம், தொற்று திரும்பினால் அது ஓடும்போது தெரியாது. அன்று இரவோ மறுநாளோதான் தெரியும். தினமும் ஓடினால் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

முதல் சில வாரம் சமதரையிலேயே ஓடுங்கள், புதுத் தோலின் மேல் மெல்லிய டிரெஸ்ஸிங் இருக்கட்டும். ஆழமான காயமென்றால் மூன்று வாரத்தில் அந்த இடத்துக்கு வந்திருக்கும் வலிமை பழைய தோலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். இன்னொரு சின்ன விழுதல் போதும், அதே இடம் திறந்துகொள்ளும். வலியைத் தவிர்க்க ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவது தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு நடந்து திரும்புங்கள். இடுப்பிலும் மற்றக் காலிலும் புது வலி அப்படித்தான் தொடங்குகிறது.

11. ஆறிய பிறகு பார்க்க வேண்டியவை

புதுத் தோலில் வெயில் பட்டால் கருப்பு படிந்துவிடும், மாநிறத் தோலில் இது இன்னும் அதிகம். காயம் முழுவதும் மூடிய பிறகு, ஓடும்போது துணியால் மூடுங்கள் அல்லது எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் தடவுங்கள். சில மாதமாவது தொடர வேண்டும். தழும்பு தடித்து எழுந்தால், காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால், சீக்கிரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோல் மூடிச் சில வாரம் கழித்து ஒரே புள்ளியில் மட்டும் அழுத்தினால் குத்துகிறது, சிறு கட்டி இருக்கிறது, அவ்வப்போது ஒரு சொட்டு நீர் கசிந்து மூடிக்கொள்கிறது என்றால் உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது. இதற்கு இன்னொரு ஆன்டிபயாடிக் சுற்று தீர்வாகாது, பொருளை எடுக்க வேண்டும். கல்லும் கண்ணாடியும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும். மரச் சிராயும் முள்ளும் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால், விழுந்த இடத்தில் குச்சியோ முள்ளோ இருந்ததென்று சொல்லி அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமா என்று கேளுங்கள்.